லண்டன், ஜெனீவா, புதுக்கடை: யாருடைய தீர்ப்பு கடைசித் தீர்ப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் தேயிலை மலைநாட்டில் இருக்கிற ஹட்டனில் சனிக்கிழமை பின்னேரங்களில் உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்கும், வேலைக்குப் போகிற சில இளைஞர்களுக்கும் அரசியலமைப்புச் சட்டம் சொல்லிக் கொடுக்கிறேன். எந்தப் பாடத்தை எடுத்தாலும் ஒரு கட்டத்தில் யாராவது கையைத் தூக்குவார்கள்: "சேர், இங்க நியாயம் கிடைக்கலன்னா அதுக்கு மேல எங்கயாவது போகலாமா?" அந்தக் கேள்வியின் கிளைகளாக வந்தவைதான் கீழே இருப்பவை. அடிக்கடி வந்தவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

நாட்டு நீதிமன்றத்துக்கும் வெளி நீதிமன்றத்துக்கும் அப்படி என்ன சண்டை?

மலையில் நிறுக்கிற கொழுந்தும் பெக்டரியில் நிறுக்கிற கொழுந்தும் ஒரே கணக்கில் வராது என்பது நமக்குத் தெரியும். இரண்டு தராசும் சரியாகவே இருக்கலாம். செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், எந்தத் தராசின் எண்ணை எழுதுவது என்பதில்தான் தகராறு. அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று கேட்டால் தகராறு இன்னும் பெரிதாகிறது.

நீதிமன்றங்களிலும் அப்படித்தான். நாட்டின் உச்ச நீதிபீடம் தன் அதிகாரத்தை அரசியலமைப்பிலிருந்து எடுக்கிறது. "இதற்கு மேல் எதுவும் இல்லை" என்பது அதன் நிலை. வெளி நீதிமன்றம் தன் அதிகாரத்தை நாடுகள் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலிருந்து எடுக்கிறது. "கையெழுத்திட்ட பிறகு உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டித் தப்ப முடியாது" என்பது அதன் நிலை. அவரவர் ஏட்டைப் பார்த்தால் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இருவருக்கும் மேலே தீர்ப்புச் சொல்ல மூன்றாவது நீதிமன்றம் கிடையாது.

இலங்கையில் அரசியலமைப்பு நீதிமன்றம் என்று தனியாக ஒன்று உண்டா?

இப்போது இல்லை. 1972 அரசியலமைப்பில் சட்டமூலங்களைப் பரிசீலிக்க அப்படி ஒன்று இருந்தது. 1978 அரசியலமைப்பு அந்த வேலையை கொழும்பு புதுக்கடையில் இருக்கிற உயர் நீதிமன்றத்திடம் கொடுத்தது. அரசியலமைப்புக்குப் பொருள் சொல்லும் உரிமை 125ஆம் உறுப்புரைப்படி அதற்கு மட்டுமே. அடிப்படை உரிமை மீறல் மனுவும் 126ஆம் உறுப்புரைப்படி அங்கேதான் போக வேண்டும். பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றி முடித்துவிட்டால் அதன் செல்லுபடித்தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது, 80(3) உறுப்புரை அதைத் தடுக்கிறது. உள்ளே கதவு இப்படி அடைபடுவதால்தான் ஆட்கள் வெளியே எட்டிப் பார்க்கிறார்கள்.

"நம்ம கேஸ் லண்டன் வரைக்கும் போச்சு" என்று பெரியவர்கள் சொல்வது உண்மையா?

உண்மை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1947 தேர்தலில், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த நம் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டு 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. சட்டம் வருவதற்கு முன் இங்கே பிறந்தவராக இருந்தாலும், தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் வழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், மருத்துவச்சி கையில் பிறந்தவர்களின் பிள்ளைகள் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவார்கள்? 1949இல் இன்னொரு சட்டம், பிரஜைகள் மட்டுமே வாக்களிக்கலாம் என்றது. அதே ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ள ஒரு வழியைத் திறந்து வைத்தது. வழி என்னவோ இருந்தது, ஆனால் உள்ளே போனவர்களைவிட வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள்தான் அதிகம்.

அப்போதிருந்த சோல்பரி அரசியலமைப்பில் 29(2) என்றொரு பிரிவு உண்டு. ஒரு சமூகத்தவருக்கு மட்டும் பாதகமாக, மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத இயலாமைகளை உண்டாக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்க முடியாது என்றது அந்தப் பிரிவு. கேகாலை மாவட்டம் ருவன்வெல்ல தொகுதியில் கோடக்கன் பிள்ளை என்பவர் தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கக் கேட்டார். இடாப்பை மீளாய்வு செய்த அதிகாரி, புதிய சட்டங்கள் 29(2)க்கு முரணானவை என்று சொல்லி அவர் பெயரைச் சேர்க்க உத்தரவிட்டார். அரசாங்கத் தரப்பு உயர் நீதிமன்றம் போனது. 1951இல் அந்த உத்தரவு இரத்தானது. அங்கிருந்து வழக்கு லண்டன் கோமறைக் கழகத்துக்கு, அதாவது பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1953இல் அங்கேயும் தோல்வி.

பிரிவி கவுன்சில் சொன்ன நியாயம் இது: தன் நாட்டின் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு சட்டமன்றத்தின் இயல்பான வேலை. சுற்றுவழியில் ஒரு சமூகத்தைக் குறிவைக்கும் திட்டம் இருந்தால் நீதிமன்றம் தலையிடலாம், ஆனால் இங்கே அப்படி ஒரு திட்டம் தெரியவில்லை. இதோடு நிறுத்தியிருந்தால் சட்ட வாதம் என்று விட்டுவிடலாம். இந்தியத் தமிழர்களின் "இடம்பெயரும் பழக்கம்" அவர்கள் பிரஜைகளாவதற்குத் தகுதியானவர்களா என்ற கேள்வியோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்றும், அதற்கும் அவர்கள் ஒரு சமூகமாக இருப்பதற்கும் தொடர்பில்லை என்றும் எழுதினார்கள். ஓய்வுபெற்ற தோட்டத் தலைவர் ஒருவர் என்னிடம் சொன்னது: "ஒரே லயத்துல மூணு தலைமொற பொறந்து செத்துருக்கு. நம்மளப் போய் ஊர் சுத்துறவன்னு எழுதிட்டான் லண்டன்காரன்."

இந்த வழக்கை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், வெளியே இருக்கிற நீதிமன்றம் என்றால் நமக்குச் சாதகமாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு பிள்ளைகளின் முகத்தில் கரைவதைப் பார்த்திருக்கிறேன்.

பிரிவி கவுன்சிலைச் சர்வதேச நீதிமன்றம் என்று சொல்லலாமா?

சரியாகச் சொன்னால், இல்லை. லண்டனில் உட்கார்ந்திருந்தாலும் சட்டப்படி அது இலங்கை நீதித்துறையின் மேல்மாடியாகத்தான் கருதப்பட்டது. ஒப்பந்தத்தால் பிறந்த நீதிமன்றம் அல்ல, பேரரசு விட்டுப்போன மிச்சம். ஆனாலும் "வெளியில் இருப்பவன் நம் சட்டத்தை வெட்டலாமா" என்ற எரிச்சல் இங்கே முதலில் அதைச் சுற்றித்தான் எழுந்தது.

1962 ஜனவரியில் இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் சிலர் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்றார்கள். அவர்களுக்கென்றே, முன்தேதியிட்டு, ஒரு விசேட சட்டம் ஆக்கப்பட்டது. பதினொரு பேருக்குத் தண்டனை கிடைத்தது. 1965இல் பிரிவி கவுன்சில் அந்தத் தண்டனைகளைத் தூக்கி எறிந்தது. குறிப்பிட்ட ஆட்களைக் குற்றவாளியாக்கவென்றே சட்டம் செய்வது நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பாராளுமன்றம் பறிப்பது என்றது. சட்டரீதியாக அருமையான தீர்ப்பு. என்றாலும், ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்த பதினொரு அதிகாரிகளுக்கு எதிரான சட்டத்துக்குப் பின்னால் இருந்த திட்டம் தெரிந்த கண்ணுக்கு, இலட்சக்கணக்கான கொழுந்தெடுப்பவர்களின் வாக்கு போனதற்குப் பின்னால் ஒரு திட்டம் தெரியவில்லையே என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

1971இல் மேன்முறையீட்டு நீதிமன்றச் சட்டம் லண்டன் வழியை மூடியது. 1972இல் குடியரசு வந்தபோது 29ஆம் பிரிவும் இல்லாமல் போனது.

ஐரோப்பாவில் இந்தச் சண்டை எப்படித் தொடங்கியது?

ஒரு கரண்ட் பில்லில். இத்தாலி 1962இல் மின்சாரத்தைத் தேசியமயமாக்கியது. மிலானில் கொஸ்தா என்ற வழக்கறிஞர், பங்கு வைத்திருந்தவர், இரண்டாயிரம் லீராவுக்கும் குறைந்த தன் பில்லைக் கட்ட மறுத்தார். தேசியமயம், ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து செய்த பொருளாதார ஒப்பந்தத்துக்கு முரண் என்றார். 1964 மார்ச்சில் இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம், பிந்தி வந்த உள்நாட்டுச் சட்டமே செல்லும் என்றது. அதே ஆண்டு ஜூலையில் லக்சம்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய நீதிமன்றம், ஐரோப்பியச் சட்டத்தை உள்நாட்டுச் சட்டம் எதுவும் மீற முடியாது என்றது. நான்கு மாத இடைவெளியில் இரண்டு தராசு, இரண்டு எண்.

கார்ல்ஸ்ரூ நகரில் இருக்கிற ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் இதில் மிகவும் கெட்டிக்காரத்தனமாக நடந்தது. 1974இல், ஐரோப்பாவில் அடிப்படை உரிமைகளுக்குச் சரியான பாதுகாப்பு இல்லாத வரைக்கும் நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்றது. 1986இல், பாதுகாப்பு போதுமான அளவு இருக்கிற வரைக்கும் நாங்கள் பார்க்க மாட்டோம் என்றது. கவனியுங்கள், இரண்டிலும் "வரைக்கும்" இருக்கிறது. கதவைத் திறந்து விட்டாலும் சாவி அதன் மடியில்தான். முதல் தீர்ப்பின் அழுத்தத்தால்தான் ஐரோப்பிய நீதிமன்றம் உரிமை விஷயத்தில் கூடுதல் அக்கறை காட்டியது என்று பலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். சண்டை எல்லாமே கெட்டதல்ல.

அந்தச் சாவியை ஜேர்மனி எப்போதாவது திருப்பியதா?

2020 மே 5 அன்று. ஐரோப்பிய மத்திய வங்கி அரச கடன் பத்திரங்களை வாங்கிய திட்டத்தை லக்சம்பர்க் 2018இல் சரி என்றிருந்தது. அந்தத் தீர்ப்பே அதன் அதிகார எல்லைக்கு வெளியே போய்விட்டது, எங்களைக் கட்டுப்படுத்தாது என்றது கார்ல்ஸ்ரூ. பிறகு ஆவணங்கள் கைமாறின, விளக்கங்கள் கொடுக்கப்பட்டன. ஐரோப்பிய ஆணைக்குழு ஜேர்மனிக்கு எதிராக 2021இல் தொடங்கிய நடவடிக்கையை அந்த ஆண்டு டிசம்பரிலேயே மூடியது.

ஆனால் அந்த வாசகத்தை வேறொருவர் எடுத்துக்கொண்டார். 2021 அக்டோபரில் போலந்தின் அரசியலமைப்பு நீதிமன்றம், ஐரோப்பிய ஒப்பந்தத்தின் சில பகுதிகளே எங்கள் அரசியலமைப்புக்கு முரண் என்றது. நீதிபதிகளைத் தண்டிக்கும் அமைப்பை நிறுத்தச் சொன்ன லக்சம்பர்க்கின் இடைக்காலக் கட்டளைக்குப் போலந்து கீழ்ப்படியாததால் நாளுக்கு பத்து இலட்சம் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது. பேச்சைக் கேட்டால் இரண்டு நாடுகளும் ஒன்றுதான். ஆனால் கார்ல்ஸ்ரூ தன் அரசாங்கத்துக்கும் இடைஞ்சல் கொடுத்துப் பழகிய நீதிமன்றம். போலந்துத் தலைநகர் வார்சோவில் நீதிபதி நியமனமே 2015இலிருந்து சர்ச்சைக்குள்ளானது, தீர்ப்புக் கேட்டுப் போனதும் நாட்டின் பிரதமரே. எந்த வாயிலிருந்து வருகிறது என்று பார்க்காமல் இறைமை என்ற சொல்லுக்குத் தலையாட்டக் கூடாது என்று வகுப்பில் சொல்வேன். ஒருமுறை ஒரு பிள்ளை, "அப்ப நம்ம வாயி எப்படி சேர்?" என்று கேட்டது. அடுத்த பதில் அதற்கு.

ஜெனீவா சொன்னதை நம் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை என்கிறார்களே, அது என்ன வழக்கு?

சிங்கராசா வழக்கு. 1980இல் இலங்கை குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்தது. 1997 அக்டோபரில் அதன் விருப்பத்துக்குரிய நெறிமுறையிலும் சேர்ந்தது. அதன்படி, உள்நாட்டில் எல்லாப் படியும் ஏறிப் பார்த்த ஒருவர், ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் தனியாக முறையிடலாம். (செய்திகளில் வரும் மனித உரிமைகள் பேரவை வேறு. அது நாடுகளின் சபை. இந்தக் குழு நிபுணர்களால் ஆனது.)

மட்டக்களப்புப் பக்கத்தைச் சேர்ந்த சிங்கராசா என்ற தமிழர், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்து 1995இல் ஐம்பது ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். மேன்முறையீட்டில் அது முப்பத்தைந்தாகக் குறைந்தது. வாக்குமூலத்தைத் தானாக விரும்பிக் கொடுக்கவில்லை என்று நிரூபிக்கும் சுமையை அந்தச் சட்டம் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையிலேயே வைக்கிறது. 2004இல் குழு, இது நியாயமான விசாரணையல்ல, விடுதலையோ மறுவிசாரணையோ கொடுங்கள், இழப்பீடும் கொடுங்கள் என்றது.

அதை எடுத்துக்கொண்டு அவர் மீண்டும் புதுக்கடைக்குப் போனார். 2006 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பை எழுதியவர் அன்றைய பிரதம நீதியரசர் சரத் என். சில்வா. அதோடு நிற்காமல், 1997இல் ஜனாதிபதி நெறிமுறையில் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றும் சொன்னது. இறைமை மக்களுடையது, நீதி அதிகாரம் அந்த இறைமையின் பகுதி, பாராளுமன்றம் சட்டம் செய்யாமல் அதை ஜெனீவாவில் இருக்கிற ஒரு குழுவுக்கு ஜனாதிபதி தனியாகத் தூக்கிக் கொடுக்க முடியாது என்பது வாதத்தின் சாரம்.

அந்த வாதம் தப்பா?

பாதி சரி. ஒப்பந்தம் ஒன்று நாட்டுக்குள் சட்டமாக வேண்டுமென்றால் பாராளுமன்றம் சட்டம் ஆக்க வேண்டும் என்பது நம் முறையில் பழைய விதி. சிங்கராசாவின் விடுதலைக்கு நேரடியாகக் கட்டளையிட முடியாது என்று சொல்லி நிறுத்தியிருந்தால் நான் பெரிதாகக் குறை சொல்லியிருக்க மாட்டேன். ஜெனீவாக் குழு நீதிமன்றம் அல்ல. அது சொல்வது "கருத்துரை". கருத்துச் சொல்பவரிடம் நீதி அதிகாரம் போய்விட்டது என்று பதறியதுதான் எனக்கு ஒட்டவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், இலங்கை அந்த நெறிமுறையிலிருந்து விலகவும் இல்லை. வெளியே போட்ட கையெழுத்து அப்படியே இருக்கிறது, உள்ளே அது செல்லாது.

இன்னொன்றும் உண்டு. "இறைமை மக்களுடையது" என்று படிக்கும்போது மற்றவர்களுக்கு வராத ஒரு கேள்வி நம் ஆட்களுக்கு வரும்: எந்த மக்கள்? 1948இல் நம் பெயர் இல்லாத ஒரு இடாப்பை வைத்துத்தானே "மக்கள்" எண்ணப்பட்டார்கள். நாடற்றவர் என்ற நிலையை முடித்து வைக்க 1988இலும் 2003இலும் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

நம்மைப் போல தோட்டத்துக்கு வந்த சமூகம் வேறெங்காவது இந்தச் சண்டையில் மாட்டியிருக்கிறதா?

டொமினிக்கன் குடியரசைப் படியுங்கள். தேயிலைக்குப் பதில் கரும்பு, தமிழருக்குப் பதில் பக்கத்து நாடான ஹெயிட்டியிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்கள். அவர்கள் இருந்த குடியிருப்புக்கு பாத்தே என்று பெயர், நம் லயத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி.

2010 வரைக்கும் அங்கே மண்ணில் பிறந்தால் குடியுரிமை கிடைத்தது. ஆனால் வழியில் "கடந்துபோகிறவர்களின்" பிள்ளைகளுக்கு இல்லை. பல ஆண்டுகளாக அங்கேயே வாழ்ந்த கரும்பு வெட்டுபவரையும் கடந்துபோகிறவர் என்று கணக்கெடுத்து, பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் மறுத்தார்கள். "இடம்பெயரும் பழக்கம்" ஞாபகம் வருகிறதா? 2005இல் இரண்டு சிறுமிகளின் வழக்கில் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம், பெற்றோரின் குடிவரவு நிலை பிள்ளைக்குப் பரம்பரையாக இறங்காது என்று தீர்த்தது.

நாட்டு நீதிமன்றம் பதில் கொடுத்தது. 2013 செப்டம்பரில் டொமினிக்கன் அரசியலமைப்பு நீதிமன்றம் 1929 வரை பின்னோக்கிப் போய், ஆவணமில்லாத வெளிநாட்டவருக்குப் பிறந்தவர்கள் குடிமக்களே அல்ல என்றது. 2014 ஆகஸ்டில் வெளி நீதிமன்றம் அதைக் கண்டித்தது. அதே ஆண்டு நவம்பரில் நாட்டு நீதிமன்றம், 1999இல் ஜனாதிபதி அந்த வெளி நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றதே செல்லாது, காங்கிரஸின் ஒப்புதல் இல்லை என்றது.

முதன்முறை இதைப் படித்தபோது 2006 தீர்ப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடல் கடந்து, மொழி கடந்து, அதே வாதம்: ஜனாதிபதி தனியாகப் போட்ட கையெழுத்து. 1948ஐயும் 2006ஐயும் ஒரே நாட்டில் வைத்துத் தைத்தது மாதிரி. நம் பிரஜாவுரிமை வழக்கு நடந்த காலத்தில் முறையிட இப்படி ஒரு நீதிமன்றம் இருந்திருந்தால் வென்றிருப்போமா என்று கேட்பார்கள். தீர்ப்பில் வென்றிருக்கலாம். இடாப்பில் பெயர் ஏறியிருக்குமா என்பதற்கு டொமினிக்கன் கதையே பதில்.

பிடிக்காத வெளி நீதிமன்றத்தை நாடுகள் சேர்ந்து மூடிவிட முடியுமா?

முடியும். ஆபிரிக்காவின் தெற்குப் பிராந்திய நாடுகளின் தீர்ப்பாயம் 2008இல் காணி விஷயத்தில் சிம்பாப்வேக்கு எதிராகத் தீர்த்தது. சிம்பாப்வே நீதிமன்றம் அதைப் பதிவுசெய்ய மறுத்தது. 2010இல் தலைவர்கள் தீர்ப்பாயத்தையே இடைநிறுத்தினார்கள். ரஷ்யா 2015இல், ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தன் அரசியலமைப்பு நீதிமன்றம் வடிகட்டலாம் என்று சட்டம் செய்தது. 2022இல் அந்த நீதிமன்றத்தை நடத்துகிற ஐரோப்பிய கவுன்சிலிலிருந்தே வெளியேற்றப்பட்டது. நம் பக்கத்தில் மூடுவதற்குக்கூட ஒன்றுமில்லை. சார்க் நாடுகளுக்கு மனித உரிமை நீதிமன்றம் கிடையாது.

தோட்டச் சம்பளப் பிரச்சினையை ஹேக் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாமா?

இல்லை. ஹேக்கில் இருக்கிற சர்வதேச நீதிமன்றத்தில் நாடும் நாடும் மட்டுமே வழக்காடலாம். அதே ஊரில் இருக்கிற சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் இலங்கை சேரவில்லை, சம்பளம் அதன் வேலையும் இல்லை. சங்கம் அமைக்கும் உரிமையை மீறினால் தொழிற்சங்கங்கள் சர்வதேச தொழில் அமைப்பிடம் முறையிடலாம், அதுவும் நீதிமன்றம் அல்ல.

அப்படியானால் இன்றைக்கு ஒருவர் ஜெனீவாக் குழுவுக்கு எழுதுவதில் பிரயோசனம் உண்டா?

எழுதலாம். கட்டணம் இல்லை, சட்டத்தரணி கட்டாயமில்லை. உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும், மொட்டைக் கடிதம் எடுபடாது. தமிழில் எழுதினால் ஏற்க மாட்டார்கள், ஆங்கிலம் வேண்டும். நெறிமுறை இலங்கைக்கு 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்திய விஷயம் என்றால் அதன் பாதிப்பு இன்னும் தொடர வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், இங்கே ஏறக்கூடிய படிகளை ஏறி முடித்திருக்க வேண்டும்.

நம் ஆட்கள் தவறுகிற இடம் அந்தக் கடைசி நிபந்தனை. அடிப்படை உரிமை மீறல் மனுவைச் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் புதுக்கடையில் போட வேண்டும். ஒருவர் தன் பிரச்சினையைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தது ஏழாவது மாதம். அதுவரைக்கும் தலைவரைப் பார்த்து, துரையைப் பார்த்து, பிரதேச சபை உறுப்பினரைப் பார்த்து முடித்திருந்தார். கையில் ஒரு பைல் நிறையக் கடிதப் பிரதிகள். திகதியைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. "ஜெனீவாவுக்குப் போடலாமா சேர்?" என்று கேட்டார். முதலில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.